ரேடியேட்டர் ஃபேனுக்கு ஒரு கை சுவிட்ச்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா லைசென்ஸ் வாங்கிவிட்டாள் என்று படித்ததில் அவ்வளவு சந்தோஷம். என் வாழ்த்தை அவளிடம் மறக்காமல் சொல். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. காதுக்கும் நீ கேட்ட விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஃபேன் லேட்டாகத்தான் சுற்றுகிறது, பேட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்து டேஷ்போர்டில் சுவிட்ச் போட்டு ஃபேனுக்கு நேராகக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். சுவிட்ச் போடலாம், தாராளமாகப் போடு. ஆனால் நேராகக் கொடுக்காதே. அதைவிட முக்கியம், இப்போது இருக்கும் ஆட்டோமேட்டிக் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்காதே. இனி அந்த வண்டியைப் பாப்பாவும் எடுப்பாள். சுவிட்ச் போட மறந்தாலும், அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரியாவிட்டாலும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. உன் சுவிட்சுக்கு ஃபேனை ஓட வைக்கும் அதிகாரம் மட்டும் இருக்கட்டும். நிறுத்தும் அதிகாரம் வேண்டவே வேண்டாம். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

வயரை வெட்டுவதற்கு முன்னால், ஃபேன் ஏன் லேட்டாக வருகிறது என்று பார்த்துவிடு. ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மோ சுவிட்ச், அதாவது சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானாக ஓட வைக்கும் சுவிட்ச், பொதுவாக 95 டிகிரி வாக்கில் ஒட்டும், சில டிகிரி இறங்கியதும் விட்டுவிடும். அதன் ப்ளக்கைக் கழற்றி, ப்ளக்கில் இருக்கும் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பார். ஃபேன் உடனே சுற்றினால் மோட்டார், ஃப்யூஸ், வயரிங் எல்லாம் சரி, தெர்மோ சுவிட்சில்தான் கோளாறு என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். ஆனால் ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் நீர் குறைந்து மேலே காற்று நின்றாலும் அந்த சுவிட்சுக்குச் சூடு சரியாக எட்டாது. எஞ்சின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் சரியாகத் திறக்காவிட்டாலும் அதே கதைதான். அதனால் கூலன்ட் அளவையும் பார்த்துவிடு, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதே. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே கொதித்து மேலே பீய்ச்சி அடிக்கும். நெரிசலிலேயே முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் ஃபேனையும் முழு வேகத்தில் விடு. உள்ளே வெந்துபோகும்தான், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும்.

சரி, ஏன் நேராகக் கொடுக்கக் கூடாது? உன் வண்டி மாதிரி காரில் ஃபேன் ஓடும்போது 20 ஆம்பியர் இழுக்கும் என்று வை. கிளம்பும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். டேஷ்போர்டுக்குப் போய்த் திரும்பி வர 4 மீட்டர் வயர் ஆகும். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் போனால் அந்த 4 மீட்டரிலேயே கிட்டத்தட்ட 1.4 வோல்ட் தொலைந்துவிடும். ஃபேன் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும். தொலைந்த 1.4 வோல்ட் எங்கே போகிறது? சூடாகத்தான் போகிறது. கணக்குப் பார்த்தால் 28 வாட், ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் சூடு. அது உன் முழங்காலுக்கு மேலே, பிளாஸ்டிக்குக்கு நடுவில். இந்தக் கரண்டுக்கென்று செய்யாத சின்ன சுவிட்ச் என்றால் அதன் முனையும் சீக்கிரம் கருகும்.

அதனால் ரிலே. சின்னக் கரண்டு அதன் காயிலில் ஓடினால், பெரிய கரண்டுப் பாதையைச் சேர்த்துவிடும் சுவிட்ச் அது. கரண்டு பாதை முழுவதும் எஞ்சின் பக்கமே இருக்கும், சுவிட்ச் வழியாகப் போவது ரிலே காயிலுக்கான 0.15 ஆம்பியர் வாக்கில்தான். 4 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றரை மீட்டர் போட்டால் இழப்பு 0.13 வோல்ட்தான்.

கார் ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். 30 பேட்டரி ப்ளஸ்ஸுக்கு, நடுவில் 30 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே இருக்கும் வயர் பாடியில் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை. 87 ஃபேனின் ப்ளஸ் வயருக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் வயரிலிருந்து, தனியாக ஒரு சின்ன ஃப்யூஸ் வைத்துக் கொடு. 85-ஐ சுவிட்சுக்குக் கொண்டுபோய், சுவிட்சின் மறுமுனையை பாடியில் எர்த் பண்ணு, அதாவது வண்டியின் இரும்பு உடம்போடு இணை. 87a என்று ஐந்தாவது கால் இருந்தால் அதைச் சும்மா விட்டுவிடு. பழைய சர்க்யூட்டில் எதையும் பிரிக்கவில்லை பார். தெர்மோ சுவிட்ச் தன் வழியில் ஃபேனை ஓட்டும், உன் ரிலே தன் வழியில் ஓட்டும். சாவியை எடுத்தால் உன் பக்கம் தானாக நின்றுவிடும். அது இல்லாமல் சுவிட்சை மறந்து போட்டுவிட்டுப் போனால், 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் காலி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில வண்டிகளில் ஃபேனுக்கு ப்ளஸ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், எர்த் பக்கத்தைத்தான் சேர்த்துப் பிரிப்பார்கள். சாவியைப் போட்டு, ஃபேன் நின்றுகொண்டிருக்கும்போது அதன் ப்ளக்கைக் கழற்றி, டெஸ்ட் லாம்பின் (கரண்டு இருந்தால் எரியும் சோதனை விளக்கு) ஒரு வயரை பாடியில் மாட்டி, மறு நுனியை வண்டிப் பக்க முனைகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார். எந்த முனையிலும் எரியாவிட்டால் மேலே சொன்னபடி செய்யலாம். ஒரு முனையில் எரிந்தால் உன் வண்டி அந்த ரகம். அப்போது 30-ஐ எர்த்துக்கும் 87-ஐ ஃபேனின் மறு வயருக்கும் கொடுக்க வேண்டும். பார்க்காமல் கை வைக்காதே. புது வண்டிகளில் ஃபேன் வேகத்தையே கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கிறது. அதில் இந்த வேலையே கூடாது. யாராவது உன்னைப் பார்த்துத் தங்கள் வண்டியிலும் செய்யக் கேட்டால் இதைச் சொல்லிவிடு.

காது விஷயம் சொன்னேனே. கண்ணாடி ஏற்றிவிட்டால் ஃபேன் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. அதனால் டேஷ்போர்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு வைத்திருக்கிறேன். அந்த விளக்கை சுவிட்சோடு சேர்க்காமல் ஃபேனின் ப்ளஸ் வயரோடு சேர்த்தேன். சுவிட்சில் இருந்தால் சுவிட்ச் போட்டதை மட்டும்தான் காட்டும். ஃபேன் வயரில் இருந்தால் கரண்டு ஃபேன் வரைக்கும் வந்துவிட்டது என்று காட்டும், தெர்மோ சுவிட்ச் தானாக வேலை செய்யும்போதும் எரியும். நெரிசலில் நிற்கையில் நான் எதையும் தொடாமலே அது எரிவதைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது. அந்த மெல்லிய வயருக்கு, இணைக்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் ஃப்யூஸ் போடு. எர்த் பக்கம் பிரிக்கும் ரகமானால் விளக்கை ஃபேனின் இரண்டு வயருக்கும் குறுக்கே கொடு.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடு. முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். வயர் நுனிக்கு லக் என்ற உலோக முனை வைத்து நன்றாக அழுத்தி, மேலே ஸ்லீவ் போடு. வயர் தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இருக்கட்டும். முடித்ததும் ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்துப் பார். உன் வண்டியில் ஃபேன் பின்பக்கம்தானே? காகிதம் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும், சுவிட்சைப் போடத் தேவையில்லை. நெரிசல், மேட்டில் ஊர்ந்து ஏறுவது, இதற்குத்தான் இது.

டெஸ்ட் லாம்ப் என்ன காட்டியது, தெர்மோ சுவிட்சின் வயர் தடிப்பா மெல்லியதா என்று எழுது. தடிப்பாக இருந்தால் ஃபேன் கரண்டு முழுக்க அதன் வழியாகவே போகிறது என்று அர்த்தம், அதற்கும் ஒரு ரிலே வைத்துவிடலாம். அதுவரை எதையும் வெட்டாதே. பாப்பாவையும் கூட வைத்துக்கொண்டு செய், டெஸ்ட் லாம்பை அவள் கையில் கொடு.

அன்புடன்,
உன் கூட்டாளி