கேட்டுவிட்டு எடுங்கள்: செயற்கை நுண்ணறிவுப் பதிப்புரிமைக் குழுவுக்கு ஒரு நாதஸ்வரக்காரனின் திறந்த மடல்

மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த, செயற்கை நுண்ணறிவும் பதிப்புரிமையும் குறித்த குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2025 டிசம்பரில் நீங்கள் வெளியிட்ட அறிக்கையை என் மகள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னாள். 'ஒரே நாடு, ஒரே உரிமம், ஒரே கட்டணம்' என்று அதற்குத் தலைப்பு. அதில் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். சட்டப்படி கைக்கு எட்டுகிற எந்தப் படைப்பையும் நிறுவனங்கள் இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்க எடுத்துக்கொள்ளலாம், உரிமை உள்ளவர் மறுக்க முடியாது, வியாபாரம் தொடங்கிய பிறகு வருமானத்தில் ஒரு பங்கு வரும் என்கிறீர்கள். 'மறுக்க முடியாது' என்ற இடத்தில் மகளை நிறுத்தி இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். இரண்டாவது முறையும் அப்படித்தான் இருந்தது.

நான் கும்பகோணத்துப் பக்கத்துக்காரன். முப்பது வருஷமாகச் சென்னை சாலிகிராமத்தில் இருக்கிறேன். முகூர்த்தம், கோயில் உற்சவம், அழைப்பு வந்தால் ரெக்கார்டிங், இவ்வளவுதான் என் பிழைப்பு.

சென்ற மாதம் ஒரு ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு தொடரில் கல்யாணக் காட்சி, நாற்பது விநாடிக்குத் தோடி ராகம் வேண்டும் என்றார்கள். போய் உட்கார்ந்து, நாதஸ்வரத்தின் முனையில் வைத்து ஊதுகிற சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த தம்பி சொன்னார்: "அண்ணே, பிட் ரெடியா இருக்கு. ஏஐல போட்டுட்டோம். ரெண்டு மூணு இடத்துல நெருடுது. அதைக் கேட்டு அப்படியே ஊதிக் குடுத்துடுங்க, போதும்." சம்பளமும் பாதிதான் என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

மேல் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்தைத் தொடாமல் இறங்கி மத்திமத்தில் வந்து நிற்கிற ஒரு பிடி, அதாவது ராகத்தின் ஒரு சிறு ஸ்வரக்கோவை. தோடியில் யாரும் வாசிக்கக்கூடியதுதான். ஆனால் இறங்கும் வழியில் நிஷாதம் என்ற ஸ்வரத்தைத் தொட்டதும் ஒரு சின்னத் தயக்கம், அரை மூச்சு விட்டு அப்புறம் அதற்கு அடுத்த ஸ்வரமான தைவதம். அந்தத் தயக்கம் என் அப்பாவுடையது.

1995இல் அப்பாவுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. உதட்டுக்குப் பின்னால் பல் நின்றால்தான் சீவாளியில் பிடிமானம் இருக்கும். பல் போன வித்வானை மெல்ல மெல்லக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்பா ஒரு வருஷம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உதட்டைப் புதிதாகப் பழக்கினார். மேலே போய் இறங்கும்போது அந்த நிஷாதத்தில் மட்டும் காற்று நழுவும். அதை மறைக்க அந்த இடத்தில் நிறுத்தி, மூச்சை மாற்றி, தைவதத்தை ஆட்டி எடுப்பார். பார்க்கப் பார்க்க அதுவே அழகாகிவிட்டது. "உங்க அப்பா நிஷாதத்துல ஒரு நிமிஷம் நம்மள தவிக்க விடுவாரு" என்று தவில்காரர்கள் சொல்வார்கள். 1997இல் ஒரு பக்திப் பாடல் கேசட்டுக்கு முகப்பாக அந்தத் தோடியை வாசித்தார். வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 350 ரூபாய் கொடுத்தார்கள். அட்டையில் பாடியவர் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இருந்தது. அப்பா 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் இருந்தார். அந்தக் கேசட்டை யாரோ இணையத்தில் ஏற்றிப் பல வருஷம் ஆகிறது.

பல்லே இல்லாத இயந்திரம் ஏன் அந்த நிஷாதத்தில் தயங்க வேண்டும்?

அது அப்பாவிடமிருந்து எடுத்ததுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எந்தெந்த ஒலிப்பதிவைப் போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள் என்று அந்த நிறுவனம் எங்கும் சொல்லவில்லை. கேட்க எனக்கு வழியும் இல்லை. அன்று நான் எழுந்து வந்திருக்க வேண்டும். மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட மறுநாள் கடைசி நாள். அப்பா எனக்கு மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்த பிடியை, இயந்திரம் ஊதிக்காட்டிய மாதிரியே, அதைப் பார்த்துத் திருப்பி ஊதிக் கொடுத்துவிட்டுப் பாதிச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

உறுப்பினர்களே, உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். எங்கள் வாசிப்பை எடுப்பதற்கு முன் எங்களைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்.

மனிதர்களும் கேட்டுக் கேட்டுத்தானே கற்கிறார்கள், இயந்திரம் செய்தால் மட்டும் தப்பா என்று ஒரு வாதம் இருக்கிறதாம். கேள்வி ஞானம் என்பது எங்கள் சொல். அதனால் இதற்கு நானே பதில் சொல்கிறேன். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து வருஷம் ஒத்து ஊதினேன். ஒத்து என்றால் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. ராத்திரி முழுக்கச் சுவாமி புறப்பாட்டில் நடந்துகொண்டே ஊதியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் நாதஸ்வரம் கைக்கு வந்தது. இன்றைக்கும் அந்தப் பிடியை வாசித்து யாராவது தலையாட்டினால் "இது எங்க அப்பா பாடாந்தரம்", அவர் வழியில் வந்த வாசிப்பு, என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்த எத்தனையோ பேர் அவர் பெயரைச் சொல்லாமல் அந்த ராகத்தைத் தொட்டதில்லை. எங்கள் கற்றலில் குரு தெரிந்தே கொடுக்கிறார், சீடன் பெயர் சொல்லி வாங்கிக்கொள்கிறான், பிடிக்காதவனுக்குச் சொல்லித் தராமல் இருக்கவும் குருவுக்கு உரிமை உண்டு. உங்கள் அறிக்கை எடுத்துவிடுவது இந்தக் கடைசி உரிமையைத்தான்.

சிறிய கலைஞர்களுக்கு 'என்னுடையதை எடுக்காதே' என்று தடுத்து நிறுத்தும் பலம் கிடையாது, அதனால் விலகிக்கொள்ளும் உரிமை அவர்களுக்குப் பயன்படாது என்று நீங்கள் எழுதியிருப்பதாக மகள் சொன்னாள். உண்மைதான். எங்களைப் பற்றி அந்த அளவுக்காவது யோசித்ததற்கு நன்றி. ஆனால் தடுக்கப் பலம் இல்லாதவனிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்றல்லவா அதற்கு அர்த்தம்? கேட்கும் பொறுப்பை எடுப்பவன் தலையில் வையுங்கள். கோடிக்கணக்கான ஒலிப்பதிவுகளை அள்ளத் தெரிந்தவர்களுக்கு அனுமதி கேட்கவும் தெரியும்.

கேட்க முடியும் என்பதற்கு இங்கேயே உதாரணம் உண்டு. 2024 ஜனவரியில் ஏ.ஆர். ரகுமான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஒரு பாட்டில் கொண்டுவந்தார். இரண்டு குடும்பத்திடமும் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அது நல்லதா என்று எங்களுக்குள் அப்போதும் பேச்சு இருந்தது. ஆனால் கேட்டார். அமெரிக்காவில் பெரிய இசை நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவால் பாட்டு உண்டாக்கும் சூனோ, யூடியோ என்ற இரண்டு நிறுவனங்கள் மீது 2024 ஜூனில் வழக்குப் போட்டன. அவற்றில் சில 2025இல் சமரசத்துக்கு வந்தபோது, சேருவதா வேண்டாமா என்பதைக் கலைஞர்களே தீர்மானிப்பார்கள் என்று சொல்லித்தான் ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். ஜெர்மனியில் பாடல் வரிகளை, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் அனுமதியில்லாமல் பயன்படுத்தியது உரிமை மீறல் என்று மியூனிக் நீதிமன்றம் 2025 நவம்பர் 11 அன்று தீர்ப்புச் சொன்னது. அங்கெல்லாம் 'மாட்டேன்' என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. இங்கே மட்டும் ஏன் அதைச் சட்டம் போட்டு அடைக்க வேண்டும்?

பணம் வரும் என்கிறீர்கள். யாருக்கு? எல்லாப் பணத்தையும் ஓர் அமைப்பு வசூலித்து உரிமை உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்று திட்டம். எங்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? 2012இல் திருத்திய சட்டம் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு கொடுத்தது. நிகழ்த்தும் கலைஞர்களுக்கும் 50 ஆண்டு உரிமை உண்டு. அப்பா 1997இல் ஊதியது 2047 வரை அவருடையது. ஆனால் அட்டையில் பெயர் இல்லாதவர், வங்கிக் கணக்கே இல்லாமல் போய்ச் சேர்ந்தவர், அவர் பங்கு என் வீட்டுக் கதவை எப்படித் தட்டும்? சினிமாவில் இன்னும் மோசம். துணையாக வந்து போகிறவர், தொழில் வழக்கப்படி பெயர் போடப்படாதவர் என்றால், அநேக விஷயங்களில் அவரை நிகழ்த்துபவராகவே எண்ண வேண்டாம் என்று அதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. பெயர் போடாதது எங்கள் குற்றமா? முப்பது வருஷத்தில் நான் வாசித்த படங்களை எண்ணச் சொன்னால் எண்ணுவேன். என் பெயர் வந்த படங்களை எண்ண ஒரு கை போதும்.

பணம் வந்தால்கூட சிலவற்றை நான் தரமாட்டேன். மல்லாரி என்று ஒன்று உண்டு, உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். கம்பீரநாட்டை ராகத்தில் வாசிப்போம். சுவாமி புறப்படும்போது வாசிப்பது அது. கல்யாணத்தில்கூட வாசிக்க மாட்டேன் என்று சொன்னவர்கள் எங்கள் வம்சத்தில் இருக்கிறார்கள். மல்லாரி எனக்குச் சொந்தமில்லை, யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் என் மூச்சில் வந்த மல்லாரியை யாரோ சோப்பு விளம்பரத்துக்குக் கலக்கிக் கொடுப்பதை மறுக்க எனக்கு வழி வேண்டும். இதற்கு எத்தனை சதவீதம் என்று எந்தக் குழு விலை வைக்கும்?

தொண்ணூறுகளில் கீபோர்டு வந்தது, முப்பது வயலின் உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். கோயிலில் மின்சார மேளப் பெட்டி வந்தது, தீபாராதனைக்குத் தவில்காரர் வேண்டாம் என்றானது. என்னோடு வாசித்த தவில்காரர் ஒருவர் இப்போது அபார்ட்மெண்ட் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் காலம் மாறுகிறது, நீங்களும் மாறுங்கள் என்றார்கள். மாறிக்கொண்டேதான் வந்தோம், இன்னும் எவ்வளவு? மன்னியுங்கள், இதெல்லாம் உங்கள் குழுவின் பொறுப்பு இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் எங்கள் வேலையைத்தான் எடுத்தன, எங்களிடமிருந்தே கற்றுக்கொண்டு எடுக்கவில்லை. இந்த முறை அதுவும் நடக்கிறது.

உங்கள் துறைக்கு நான் அந்நியனும் இல்லை. நான் வாசிப்பது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாதஸ்வரம். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடுத்தது கிண்டியில் இருக்கிற உங்கள் துறையின் கீழ் வரும் அலுவலகம்தான். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஆட்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று நான் பார்த்தேன். நரசிங்கம்பேட்டை என்ற பெயரை அனுமதியில்லாமல் யாரும் போட்டு விற்க முடியாது. அந்தக் குழலுக்குக் கொடுத்ததை அதை ஊதுகிறவனுக்கும் கொடுங்கள் என்கிறேன்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்களைக் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்று உங்கள் பரிந்துரையை மாற்றுங்கள். எந்தெந்த ஒலிப்பதிவை எடுத்தார்கள் என்று பாட்டுவாரியாகப் பட்டியல் வெளியிடச் சொல்லுங்கள். அப்போதுதான் என்னைப் போன்றவன் தேடிப் பார்க்க முடியும். பணம் பிரிக்கிற ஏற்பாடு எதுவானாலும், அட்டையில் பெயர் வராத வாத்தியக்காரர்களையும் சாட்சி வைத்தாவது பதிவு செய்ய வழி வையுங்கள். எங்கள் சங்கங்களைக் கூப்பிட்டுச் சென்னையில் ஒரு நாள், தமிழில், ஒரு கூட்டம் நடத்துங்கள்.

அப்பாவின் கேசட் என்னிடம் இருக்கிறது. ஓடும் நிலையில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு அதையும், ஸ்டுடியோவில் கேட்ட அந்த நாற்பது விநாடியையும், என் நாதஸ்வரத்தையும் கொண்டு வருகிறேன். மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நிஷாதம் வரும்போது மட்டும் யாரும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு நாதஸ்வரக் கலைஞர்,
சாலிகிராமம், சென்னை