சிரிக்காதவனை முதலில் தேர்ந்தெடு, மாப்ள

அன்புள்ள மாப்ளைக்கு,

மேலூர் பொங்கல் விழா மேடைக்காக நீயும் உன் கூட்டாளிகளும் எழுதிய சீரியல் கிண்டல் நாடகத்தைப் படித்தேன். மாமியார், மருமகள், மகன், ஜோசியர், வேலைக்காரி என்று அஞ்சு பாத்திரம். அஞ்சு பேருமே காமெடி பண்ணுகிறார்கள். சிக்கல் அங்கேதான். மேடையில் ஒருத்தராவது நடப்பதெல்லாம் நிஜம் என்று நம்பி அழணும், கோபப்படணும். அந்த ஆள் இல்லாமல் மற்றவர்கள் பண்ணும் சேட்டை எதன்மேலும் போய் விழாது.

விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா'வை மறுபடி பாருங்கள். சந்தானத்தின் நக்கலைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நீ சுவாமிநாதனைக் கவனி. எவ்வளவு கிறுக்குத்தனமான வசனம் வந்தாலும் பஞ்சாயத்தில் உட்கார்ந்த பெரியவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார். பக்கத்தில் மனோகர் கையை ஆட்டி, வார்த்தையை இழுக்கும்போது நமக்குத் தாங்காது. தனியாக மனோகர் மட்டும் நின்றிருந்தால் அதில் பாதிச் சிரிப்புகூட வந்திருக்காது.

அதே டிவியில் வந்த 'அது இது எது' நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' சுற்று இதையே விதியாக வைத்துக்கொண்டது. எதிரே எத்தனை கூத்து நடந்தாலும் விருந்தினர் சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் அடக்குவதைப் பார்த்துத்தான் வீட்டில் இருந்தவர்கள் அதிகம் சிரித்தார்கள்.

டிவி காமெடியில் சேலை கட்டிப் பெண் வேடம் போட்ட நம்ம அரிட்டாபட்டி ராமரையே எடுத்துக்கொள். 'என்னம்மா இப்படி பண்றீங்களேம்மா' என்பது குடும்பத் தகராறு நிகழ்ச்சி ஒன்றில் நிஜமான ஆதங்கத்தோடு சொல்லப்பட்ட வசனம். ராமரும் அந்த ஆதங்கத்தைக் குறைக்காமல்தான் சொன்னார். சிரிப்பு சேலையில் இல்லை. அந்தக் குரலில், கவலையில் இருந்தது. உன் நாடகத்தில் மாமியார் வேடம் போடுகிற பையன் சேலை தடுக்கி மூன்று தடவை விழுகிறான். மூன்றையும் வெட்டு. அவனைத்தான் சிரிக்காத ஆளாக வைக்கணும். வீட்டு மானமே போனது போல அவன் அழட்டும்.

அந்த வசனம் போல ஒன்று உனக்கும் வேண்டும் என்று 'அய்யோ என் குலதெய்வமே'யை ஒன்பது இடத்தில் போட்டிருக்கிறாய். மூன்று போதும். முதல் தடவை மாமியார் பெரிய இழப்புக்குச் சொல்லணும். அடுத்தது, காபியில் சீனி கம்மி என்பதற்கு. கடைசியில் அதை மாமியார் வாயில் வைக்காதே; இதுவரை பேசாத வேலைக்காரி சொல்லட்டும்.

அதிர்ச்சிக் காட்சி நன்றாக வந்திருக்கிறது, ஆனால் மேடையில் கேமரா கிடையாது. தலை திரும்புவதும் 'டொய்ங்' சத்தமும் ஒரே நொடியில் விழணும். ஒலித்துண்டை 2 விநாடிக்கு வெட்டி, சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சிவப்பு மையில் குறித்த பிரதி ஒன்றைக் கொடு. மகன், மருமகள், ஜோசியர் என்று மூன்று முகம் வரிசையாகத் திரும்பட்டும். நாலாவது தடவை சத்தம் வரும்போது வேலைக்காரி திரும்பாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருக்கணும். அங்கேதான் கூட்டம் வெடிக்கும். அது அடங்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். சிரிப்புக்கு அடுத்த வரி யார் காதிலும் விழாது. கதைக்கு வேண்டிய தகவலை அங்கே வைத்திருக்கிறாய், அதை முன்னால் நகர்த்து.

7 நிமிட நாடகத்துக்கு 600 வார்த்தைக்கு மேல் வேண்டாம். சிரிப்புக்கும் நடமாட்டத்துக்கும் ஒன்றரை, இரண்டு நிமிடம் போய்விடும். முதல் சிரிப்பு முதல் அரை நிமிடத்துக்குள் வரணும். நீ ஜோசியரின் நீண்ட அறிமுகத்தோடு ஆரம்பித்திருக்கிறாய்.

திறந்த மைதானத்தில் கடைசி வரிசைக்கு முகம் தெரியாது, உடம்புதான் தெரியும். நம்ம மதுரை ரோபோ சங்கர் உடம்பில் உலோக நிறச் சாயம் பூசி கிராமத்து மேடைகளில் ரோபோ ஆட்டம் ஆடிப் பேர் வாங்கியவர். அவருடைய பழைய மேடைத் துணுக்குகளில் தோளும் கழுத்தும் என்ன செய்கின்றன என்று சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்.

காலர் மைக்கை ஜரிகைச் சேலையில் குத்தினால் கரகரவென்று உரசும். ரவிக்கைப் பக்கம், வாய்க்கு ஒரு சாண் கீழே, துணி படாமல் மாட்டுங்கள். ஸ்டாண்ட் மைக் ஒன்றும் நடுவில் இருக்கட்டும்.

'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்று வரிக்கு வரி போட்டிருப்பது டிவி பார்க்கிற வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு. மேலூரில் அது எல்லார் வீட்டுப் பேச்சு; யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மகனை மட்டும் சுத்தமான சீரியல் தமிழில் பேசவிடு, மற்றவர்கள் இயல்பாகப் பேசட்டும்.

மருமகளின் நிறத்தைப் பற்றிய இரண்டு ஜோக்கையும் எடுத்துவிடு. முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகளில் யாரோ ஒருத்திக்கு அது வலிக்கும். அந்த இடத்தில் ஜோசியர் தன் பலன் பலித்துவிட்டதென்று நிஜமாகவே பயந்துபோகிற காட்சியை எழுது. திருத்திய பிரதியை வாசித்து, கைக்கடிகாரம் வைத்து நேரம் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா