பட்டனை அமுக்குவதற்கு முன்

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். அச்சக கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11க்கு மாற்றுவது பற்றிப் போனில் பேசினால், "அப்கிரேடு பட்டனை அமுக்குங்கப்பா, அதுவே பாத்துக்கும்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மாறத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அச்சகத்தில் இருக்கும் மூன்று மிஷினும் மூன்று ரகம்.

முன்மேசையில் இருப்பது இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11க்கு அது போதும். ஆனாலும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சோதனை மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்றது. பயாஸில், அதாவது மிஷின் எழும்போது முதலில் ஓடும் அமைப்பில், போய்ப் பார்த்தேன், இருக்கிறது. பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடந்தது. அதை ஆன் செய்துவிட்டேன். இன்னொன்று, ஹார்டு டிஸ்க் இன்னும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றாமல், பயாஸை லெகசி என்ற பழைய துவக்க முறையிலிருந்து விண்டோஸ் 11 கேட்கும் யுஇஎஃப்ஐ முறைக்குத் திருப்பினால் மிஷின் எழுந்திருக்காது. விண்டோஸ் 10இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஃபைல்களை அழிக்காமல் மாற்றும். அதை நீ பக்கத்தில் இருக்கும்போது செய்யலாம், முழு பேக்கப் எடுத்த பிறகு.

பில் போடும் மிஷின் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலிலேயே இல்லை. 16 ஜிபி ராம் இருந்தும் பயனில்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் குறுக்கு வழி இருக்கிறது என்கிறாய். அப்படி ஏற்றிய மிஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லையே. ஜிஎஸ்டி கணக்கு இருக்கும் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். லினக்ஸும் சரிவராது, நம் பில்லிங் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும், பிரிண்டர் போர்ட்டில் லாக் (உரிமம் சரிபார்க்கும் சிறு கருவி) செருகி ஓடும் தமிழ் எழுத்துரு மென்பொருளும் அதில்தான் இருக்கின்றன. லாக்கை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருள் 32 பிட். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, அதில் 32 பிட் டிரைவர் ஏறாது. லாக் பேசாவிட்டால் மென்பொருள் திறக்காது. பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் அந்த எழுத்துருவில் அடித்தவை. இப்போதைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றினாலும் வரிக்கு வரி மெய்ப்பு பார்க்க வேண்டும். அந்த மிஷினை யாரும் தொட வேண்டாம். நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன், ஃபைல் கொண்டுபோவது பென்டிரைவோடு சரி.

ட்ரேசிங் தாளில் அச்செடுக்கும் லேசர் பிரிண்டருக்கு விண்டோஸ் 11 டிரைவர் அந்தக் கம்பெனி தளத்தில் இருக்கிறதா என்று மட்டும் நீ பார்த்துச் சொல். மாடல் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன்.

மாற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். ஆனால் வைகாசி முகூர்த்த நெருக்கடியில் பத்து நாள் யாரிடம் இருக்கிறது? ஆடியில் பத்திரிகை வேலை இருக்காது, அப்போது லீவு போட்டு வா. பேக்கப்புக்கு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கி வா, பணத்தை இங்கே தருகிறேன்.

அன்புடன்,
அப்பா