ராத்திரி எத்தனை மணிக்கு எழுகிறான்?

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், காலையில் அவளை எழுப்புவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. தூங்க மாட்டேன் என்கிற பிள்ளை ஒருநாள் எழுந்திருக்க மாட்டேன் என்கிற பிள்ளையாகிவிடும், அதை மட்டும் தைரியமாக நம்பு.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வயதாகியும் ஒரு இரவாவது முழிக்காமல் தூங்குகிறானா என்று எழுதியிருந்தாய். முழிக்காமல் யாருமே தூங்குவதில்லை, நீயும் நானும்கூட. தூக்கம் சுற்றுச் சுற்றாகத்தான் வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு சுற்று சுமார் 90 நிமிஷம், கைக்குழந்தைக்கு 50, 60 நிமிஷம், வளர வளர அது நீளும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசாக விழிப்பு தட்டும், நாம் புரண்டு படுத்துவிடுகிறோம், காலையில் நினைவுகூட இருக்காது. அவனும் அப்படித்தான் விழிக்கிறான், ஆனால் கண் மூடும்போது உன் தோளில் இருந்தவன், கண் திறக்கும்போது தனியாகக் கிடக்கிறான். நீ அறையில் படுத்துத் தூங்கி, வாசலில் விழித்தால் சும்மா இருப்பாயா?

அதனால் நடுராத்திரி அழுகையைவிட, முதலில் அவன் எப்படித் தூங்கிப்போகிறான் என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நன்றாகத் தூங்கிய பிறகு படுக்கையில் கிடத்தாமல், கண் சொக்கும்போதே கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடு, சில நாள் கழித்துத் தட்டுவதைக் குறை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார். அழட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச கொஞ்ச நேரம் விட்டு எட்டிப் பார்க்கும் முறையும் உண்டு. அது பலிக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா, ஐந்தாவது நிமிஷம் நீயே போய்த் தூக்கிவிடுவாய், இன்னும் சத்தமாக அழுதால் அம்மா வருவாள் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். முடிக்க முடியாததை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, எட்டு மணிக்குப் படுக்க வைத்தால் ஒன்பதரை வரை தண்ணீர், கதை, சிறுநீர் என்று இழுக்கிறான் என்கிறாயே, அதில் பிடிவாதம் பாதிதான் இருக்கும். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு நாளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் போதும். இவனுக்குப் பதினொன்றரை மணி நேரம் போதும் என்று வை, பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டால் இரவுக்கு மிச்சம் ஒன்பதரைதான், நீ எட்டிலிருந்து ஏழுவரை பதினொரு மணி நேரம் கேட்டால் அவன் எங்கே போவான்? கொஞ்ச நாள் ஒன்பதேகாலுக்கே படுக்க வை. படுத்ததும் தூங்க ஆரம்பித்த பிறகு, சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்து. காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்றாதே, விடுமுறை நாளிலும். போனை ஒரு மணி நேரம் முன்னாலேயே வாங்கி வைத்துவிடு. சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்கு வெளிச்சம் நம்மைவிடக் கூடுதலாக உறைக்கும், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும்.

அந்த அலறலைப் பற்றிப் பயந்து எழுதியிருந்தாய். தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, கண் திறந்திருந்தும் உன்னையே அடையாளம் தெரியாமல் தள்ளி, காலையில் கேட்டால் ஒன்றுமே தெரியாது என்கிறான் இல்லையா? அது கெட்ட கனவு இல்லை. கெட்ட கனவு பெரும்பாலும் விடியற்காலைப் பக்கம் வரும், பிள்ளை முழுசாக விழித்துக்கொண்டு உன்னைத் தேடும், என்ன கண்டேன் என்று சொல்லும். இது ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிப்பது, இரவின் முதல் பகுதியில் வரும். பார்க்கிறவர்களுக்குத்தான் பயங்கரம். எழுப்பாதே, உலுக்காதே, விழுந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள், தானாக அடங்கிவிடும். தூக்கம் போதாத நாளிலும் காய்ச்சல் சமயத்திலும் அதிகம் வரும். தினமும் ஒரே நேரத்தில் வருகிறதென்றால், அதற்குக் கால் மணியோ அரை மணியோ முன்னால் லேசாக எழுப்பிவிட்டுத் திரும்பத் தூங்கவைத்தால் நின்றுபோவது உண்டு.

எனக்கு உறுத்துவது நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான், 'குறட்டை வேறு, அப்படியே அவன் அப்பா' என்று. அதைச் சிரித்துத் தள்ளாதே. இந்த வயதில் சளி இல்லாத நாளிலும் குறட்டை, வாயால் மூச்சு, நடுவில் மூச்சு நின்று திணறி இழுப்பது, தூக்கத்தில் வியர்ப்பது எல்லாம் இருந்தால் தொண்டையில் இருக்கும் டான்சில் சதையோ மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ வீங்கி மூச்சு வழியை அடைத்திருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளை பெரும்பாலும் பகலில் தூங்கி வழியாது, உல்டாவாக ஓடும், கத்தும், சிடுசிடுக்கும், நாம் குறும்பு என்று திட்டுவோம். போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து டாக்டரிடம் காட்டு. ராத்திரி கால் உதைத்துக்கொண்டே இருக்கிறான் என்றால் அதையும் சொல், இரும்புச்சத்துக் குறைவாலும் அப்படி வரும். அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று தூக்கம் வரும் சளி மருந்தையெல்லாம் கொடுத்துவிடாதே, சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் துள்ளலைத்தான் கொடுக்கும். கடையில் மிட்டாய் மாதிரி விற்கிற மெலடோனினும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

டாக்டரிடம் போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வை: எப்போது படுத்தான், எப்போது தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான், பகலில் எவ்வளவு. எழுந்த நேரத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் பிடிபடும். குறிப்பதை உன் வீட்டுக்காரரிடம் கொடு, வாரத்தில் சில ராத்திரியாவது அவர் எழுந்து பார்க்கட்டும், நீ வேறு அறையில் போய்த் தூங்கு.

அப்புறம், வேலை மாறப்போவதாகச் சொன்னாயே, அது என்ன ஆயிற்று? இந்தத் தடவை அதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம். பதில் போடு.

அன்புடன்,
சுகந்தி