பக்குனாவா படம் பார்த்தேன்

அன்புள்ள கயலுக்கு,

நீ வரைந்து அனுப்பிய பிலிப்பைன்ஸ் புராணப் பாம்பு பக்குனாவாவின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு நிலவில் ஆறை விழுங்கிவிட்டு ஏழாவதற்கு வாய் திறக்கிற பாம்பு. அந்த நீல நிறம் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஆனால் உடம்பு சீன டிராகன் மாதிரி இருக்கிறது, கண்ணு. ஏரி அளவு வாய், சிவந்த நாக்கு, மீசை, மீனுக்கு இருப்பது போலச் செவுள், இரண்டு ஜோடி இறக்கை என்று அங்கே சொல்வதாக நீதானே எழுதியிருந்தாய்? அதையே வரையேன். பானாய்த் தீவுப் பழைய வாள்களின் கைப்பிடியில் பக்குனாவா தலையைச் செதுக்கியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பிடிகளைப் பார்.

கிரகணத்தன்று பானை சட்டியைத் தட்டி, நிலவைத் திருப்பிக் கொடு என்று கத்துவார்கள் என்றாயே, எனக்கு அம்மாச்சி ஞாபகம் வந்துவிட்டது. கிரகணம் பிடித்ததும் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துவாள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, அது எப்போது சாயும் என்று மூச்சுவிடாமல் பார்ப்போம். நமக்கு ராகு, அவர்களுக்குப் பக்குனாவா. தெய்வத்தைக் குறிக்க அவர்கள் சொல்லும் திவாத்தாவும் நம் தேவதையும்கூட ஒரே சமஸ்கிருதச் சொல்லில் பிறந்தவைதான்.

நீ படிக்கும், பானாய்த் தீவின் இலோயிலோ மாகாணத்திலேயே காலினோக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மலையில் வாழும் பானாய் புக்கித்னோன் மக்கள் சுகிதானோன் என்ற நெடுங்கதைகளைப் பாடிப் பாடியே காப்பாற்றினார்கள். வெளியே விடாமல் பொத்தி வளர்த்த பினுகோத் பெண்கள் நெஞ்சில் வைத்திருந்த பாட்டுகள் அவை. அந்த ஊர்ப் பாடகர் ஃபெடரிகோ கபல்லேரோவுக்கு 2000இல் தேசிய மரபுக் கலைஞர் விருது கொடுத்தார்கள். பாடினவர்கள் பாட, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஆள் இருந்ததால்தான் இன்று அது புத்தகமாகியிருக்கிறது.

அந்த ஊர்க் கதைகளில் வரும் குதிரைத் தலைப் பூதம் திக்பாலாங்கை உன் தோழிகளே காமிக்ஸில்தான் முதலில் பார்த்தார்கள் என்றாய். அதனால்தான் சொல்கிறேன், உன் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை இதுதான் பக்குனாவா என்று நம்பும். லீவில் காலினோக் போய், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வரை. படத்தின் ஓரத்தில் எந்த ஊர்க் கதை, யார் சொன்னது என்று எழுது.

அம்மாச்சி பாடின தாலாட்டு ஒன்றைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறை எனக்குப் போகவே இல்லை. ஞாபகம் இருக்கிற நாலு வரியை நேற்று ராத்திரி பாடிப் பதிவு செய்தேன். அனுப்பியிருக்கிறேன். நடுவில் ஒரு வரி விட்டுப்போச்சு. பெரியம்மாவிடம் கேட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா