சாயம் பூசினால் வேகக் கார் ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் வாகனப் பக்கத்தைப் படித்தேன். 'ஹாட் ஹேட்ச்' எனப்படும் சின்ன வேகக் கார்களைப் பற்றிய கட்டுரை. நம்மாட்கள் அதிகம் தொடாத விஷயம் என்பதால் ஆசையோடுதான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு வரி வந்தது: "ஹாட் ஹேட்ச் பிரியர்களுக்கு ஒரு ஸ்பாய்லரும் சிவப்பு நூல் தைத்த சீட்டும் கிடைத்தால் போதும், திருப்தி அடைந்துவிடுவார்கள்." கட்டுரையின் மற்ற பகுதிகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இந்த ஒரு வரியைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

நான் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா பால்மரம் சீவியவர். லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும்தான் எனக்கு வேலை வருகிறது. கொண்டுவருபவர்கள் செம்பனை ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் பையன்கள், லோரி ஓட்டுநர்கள், பாதுகாவலர்கள், கடைகளில் கணக்கு எழுதும் பெண்கள். இவர்களில் எத்தனையோ பேருக்குக் காரின் மீது உண்மையான பித்து உண்டு. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா, ஐயா? பிரேக் பேட். அடுத்தது நல்ல டயர். அப்புறம் குலுக்கலைத் தாங்கும் அப்சோர்பர். ஸ்பாய்லர் என்று, அதாவது பின்னால் ஒட்டும் இறக்கை என்று, எவனும் முதலில் கேட்பதில்லை.

அண்மையில் ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி தன் மைவி என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தான். ஜாக் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். பின்பக்க அப்சோர்பர் எண்ணெய் கசிந்து, அதன் மேல் செம்மண் அப்பிக் களிம்பாகக் காய்ந்திருந்தது. கீழே ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் கம்பியின் ரப்பர், வெடித்து, ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்பினால் விரல் அளவுக்கு ஆடியது. முன்பு வைத்திருந்தவர் அதே காருக்கு ஸ்பாய்லரும் பக்கவாட்டு அலங்கார ஸ்கர்ட்டும் போட்டுவைத்திருந்தார். காய்ச்சல்காரனுக்குப் புதுச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி. அந்தத் தம்பி ஸ்பாய்லரைக் கழற்றி விற்கச் சொல்லி, அந்தக் காசை புஷ்ஷுக்கும் அப்சோர்பருக்கும் போட்டான். அவன் தினமும் வரும் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வளைவில் பழத்தைச் சிந்திவிட்டுப் போகும். மழை நாளில் சக்கரம் அதன் மேல் ஏறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். உங்கள் கட்டுரையாளர் சொன்ன ஸ்பாய்லர் பிரியர் இவன்தானா?

ஹாட் ஹேட்ச் என்றால் என்ன என்று தாங்கள் அறியாததல்ல. 1976இல் வந்த ஃபோல்க்ஸ்வேகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத்திறன்தான். ஆனால் எடை 800 கிலோ சொச்சம். சாதாரணக் குடும்பக் காரின் உடம்பு, அதற்கு மீறிய இன்ஜின், சம்பளக்காரனுக்கு எட்டும் விலை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் விஷயமே.

நம் மலேசியாவிலேயே அதைச் செய்து காட்டினார்கள். 1990களின் கடைசியில் நம் நாட்டுக் கார் நிறுவனமான புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐ வந்தது. 1.8 லிட்டர் மிட்சுபிஷி 4ஜி93 இன்ஜின், 5 வேக மேனுவல் கியர், ரெக்காரோ சீட். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸின் பொறியாளர்கள் உட்கார்ந்து சஸ்பென்ஷனைச் சரிசெய்தார்கள். காரின் பின்னால் லோட்டஸ் பெயரைப் போட்டதற்கு அந்த உழைப்புதான் காரணம். இன்றைக்கும் நல்ல நிலையில் ஒரு ஜிடிஐ பட்டறைக்கு வந்தால், வேலை முடிந்து ஓட்டிப் பார்க்கும் அந்தச் சில நிமிடம் எனக்குத் திருவிழாதான். ஸ்டீரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்புகிறது. சாலையின் மேடு பள்ளம் உள்ளங்கையில் தெரிகிறது, ஆனால் இடுப்பை உடைப்பதில்லை. அத்தனை ஆண்டுக்கு முன்பே இதை நம்மூர் தொழிற்சாலை விற்றது.

2004இல் சத்ரியா ஆர்3 வந்தது. 150 கார்தான். ஆர்3 என்பது புரோட்டோனின் பந்தயப் பிரிவு. அந்த எழுத்து ஒட்டியிருந்தால் உள்ளே வேலை நடந்திருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். 2021இல் சாகா, இரிஸ் என்ற சாதாரணக் கார்களுக்கும் ஆர்3 லிமிடெட் எடிஷன் போட்டார்கள். கறுப்புச் சாயம், மஞ்சள் வரி, பேட்ஜ். இன்ஜின் அதே இன்ஜின். அதை வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை, பார்க்க அழகான கார்தான். எங்கள் வருத்தம் அந்தப் பேட்ஜ் மேல்.

இத்தனைக்கும் அதே நிறுவனத்தின் எக்ஸ்50இல் 2020 முதல் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் ஓடுகிறது. வந்தபோது மேல்ரகத்தில் 177 குதிரைத்திறன். அதை எஸ்யூவி போன்ற பெரிய கார்களில்தான் வைத்தார்கள். இன்னொரு சின்னக் காருக்குள் அதைத் தூக்கி வைப்பது ஸ்பானர் வேலை மட்டுமல்ல, கியர்பாக்ஸ், கூலிங், பிரேக், பரிசோதனை என்று செலவு இழுக்கும் என்பது எனக்கும் தெரியும். வியாபாரக் கணக்குப்படி அது கட்டுப்படியாகாமல் இருக்கலாம். சரி. அப்படியென்றால் கட்டுப்படியாகவில்லை என்று எழுதுங்கள். பிரியர்கள் ஸ்டிக்கரிலேயே திருப்தி அடைந்துவிட்டார்கள் என்று ஏன் எழுத வேண்டும்?

வெளிநாட்டு நிறுவனங்கள் எங்களைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஜிஆர் யாரிஸில் டொயோட்டா என்ன செய்தது? முன்பக்க அப்சோர்பரை பாடியோடு பிடிக்கும் போல்ட் ஒன்று இருந்ததை மூன்றாக்கியது. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. ஓட்டுகிறவன் கைக்குத் தெரியும். ஆட்டோ கியரைப் புதிதாகச் சேர்த்தும் மேனுவலைத் தூக்கிவிடவில்லை. ஃபோல்க்ஸ்வேகனோ ஒரு காதால் மட்டும் கேட்டது. ஸ்டீரிங்கில் இருந்த தொடுபொத்தான்களை எல்லோரும் திட்டியதும் புதிய கோல்ஃப் ஜிடிஐயில் நிஜப் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே காரில் மேனுவல் கியரை எடுத்துவிட்டார்கள். எடையோ 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டு கார்களின் படமும் இருந்தது. இதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

விலையைப் பற்றியும் இல்லை. சிவிக் டைப் ஆர் 2023இல் இங்கே 399,900 ரிங்கிட்டுக்கு வந்தது. அருமையான கார், 319 குதிரைத்திறன், மேனுவல் கியர். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவர் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் 19 ஆண்டுக்கு மேல் ஆகும். எட்டுகிற விலையில் இருந்த மைவியிலும் 2021 நவம்பரோடு மேனுவல் கியர் போய்விட்டது. எங்கள் பையன்கள் பழைய காரை வாங்கித் தாங்களே மெருகேற்றுவது இதனால்தான்.

அந்தப் பையன்களைப் பற்றி உங்கள் பத்திரிகை எப்போது எழுதுகிறது? விபத்து நடந்தால் எழுதுகிறது. நசுங்கிய காரின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, தோட்டத்து இளைஞர்கள் என்று தலைப்பு வைக்கிறது. கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார் பிரிவின் உலக ராலி சாம்பியன் ஆனார். நம் நாட்டுக்காரர். 2011இல் சத்ரியா நியோ எஸ்2000 காரை ஓட்டி அலிஸ்டர் மெக்ரே ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை வென்றார். என் பட்டறையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதை நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தமிழில் படித்தேன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

முன்பு, இன்ஜின் மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியை எப்படி வாங்குவது என்று தமிழில் விளக்கி எழுதும்படி உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. விவரம் தெரியாமல் இன்ஜினை மாற்றிவிட்டு அபராதம் கட்டுகிற பையன்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு முறை ஈப்போவில் ஒரு விற்பனை நிலையத்தில், விளம்பரத்தில் 'ஸ்போர்ட்' என்று போட்டிருந்த காரின் சஸ்பென்ஷன் மற்ற ரகத்திலிருந்து வேறுபட்டதா என்று கேட்டேன். அங்கே விற்பனையில் இருந்த தம்பி காருக்குள் இருக்கும் திரையின் அளவைச் சொன்னார். திரும்பவும் கேட்டேன். சக்கர ரிம்மின் நிறத்தைச் சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, அவருக்குக் கொடுத்த தாளில் இருந்தது அவ்வளவுதான். வாசகனுக்கும் அதே தாளைத்தான் உங்கள் வாகனப் பக்கம் தருகிறது. என்னைக் கோபப்படுத்துவது அது.

நான் கேட்பது பெரிதில்லை. இனி எந்தக் காரைப் பற்றி எழுதினாலும் எடை எத்தனை கிலோ, மேனுவல் கியர் உண்டா, டயர் என்ன அளவு, பிரேக்கும் அப்சோர்பரும் சாதாரண ரகத்திலிருந்து மாறியிருக்கின்றனவா என்று நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் போதாது என்றால் பக்கத்தின் உச்சியில் போடும் பெரிய படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பட்டறைக்கார வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.