காக்கா எழுதிக்கொள்வது

நைரோபி
ஜூலை 19, சனி இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ கொடுத்தனுப்பிய கடிதமும் மாவடுவும் புதன்கிழமை வந்து சேர்ந்தன. அப்பாவின் பழைய பனியனை நீ சுற்றியிருந்த சுற்றில் ஒரு சொட்டு கசியவில்லை. பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு வரி எழுதவில்லை என்று ஒரே இடத்தில்தான் சொல்லியிருக்கிறாய். அத்தை எழுதியிருந்தால் நாலு பக்கம் அதற்கே போயிருக்கும். போனில்தான் பேசுகிறோமே என்றால், அப்பாவின் "கேக்குதா, கேக்குதா"விலேயே பாதி நேரம் போய்விடுகிறது. மீதியில் நீ என்ன சாப்பிட்டாய் என்கிறாய்.

சாப்பாட்டையே முதலில் சொல்கிறேன். இங்கே தினப்படி உகாலி. வேறொன்றுமில்லை, வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி, உப்புகூடப் போடமாட்டார்கள். தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி என்று ஒரு கீரை. அந்தப் பெயருக்கே 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தம். கையில் காசு தீர்ந்தாலும் சம்பள நாள்வரை இதை வைத்து ஓட்டலாம் என்று வைத்த பெயர். எனக்கும் இப்போது அது ரொம்பப் பிடித்துவிட்டது.

இங்கே ஜூலைதான் குளிர்காலம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்று படித்ததை நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் வந்தேனே, ஊர் ஏற்காட்டைவிட உயரத்தில் இருப்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு சர்தார் தாத்தா ஒரு கம்பளி கொடுத்திருக்கிறார். 1896-ல் தொடங்கிய மொம்பாசா ரயில் பாதை வேலைக்குப் பஞ்சாபிலிருந்து கூலியாக வந்தவராம் இவருடைய தாத்தா. இவர் பஞ்சாபைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இந்தியா கிரிக்கெட்டில் தோற்றால் மறுநாள் யாரோடும் பேசமாட்டார்.

சனிக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று கேட்டிருந்தாய். தாகொரெட்டிப் பக்கம் குழந்தைகள் இல்லம் ஒன்று இருக்கிறது. ரெண்டு மட்டாட்டு வேன் மாறிப் போகவேண்டும். பாட்டுச் சத்தத்தில் இறங்கும் இடம் மறந்துவிடும். உள்ளே விடுவதற்கு முன்னால் கைரேகை வைத்து போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். பத்து நாள் லீவில் வந்து, குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிற வெளிநாட்டுக்காரர்களை அங்கே பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குப் பிடிக்காது. "வந்தால் எல்லாச் சனிக்கிழமையும் வா, இல்லையென்றால் வராதே" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சரியான பேச்சு. நீ கேட்ட போட்டோவை அனுப்பாததும் அதனால்தான், அங்கே எடுக்கக்கூடாது.

பெரிய பையன்களுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். மாதக் கடைசியில் சப்பாத்தி. நம் ஊர்ச் சப்பாத்திதான், பெயரும் அதேதான், ஆனால் இங்கே அது விசேஷச் சாப்பாடு. நாற்பது பேருக்கு மாவு பிசைய நானும் உட்காருகிறேன். வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காதவன் என்று நீ சிரிப்பது கேட்கிறது. மதியம் எனக்கும் அங்கேயே சாப்பாடு.

சுவாஹிலியில் அண்ணனுக்குக் 'காக்கா' என்று பெயர். முதல் நாள் முப்பது பிள்ளைகள் சுற்றி நின்று காக்கா, காக்கா என்று கத்தியபோது அமாவாசைச் சோறு வைத்தது மாதிரி இருந்தது. அம்மாவை 'மாமா' என்கிறார்கள். பெரிய மாமாவிடம் சொல்லாதே.

அங்கே இருப்பவர்களில் நிறையப் பேருக்கு அம்மாவோ பாட்டியோ எங்கோ இருக்கிறார்கள். வறுமையில் கொண்டுவந்து விட்டவர்கள். 2022-ல் புதுச் சட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகளைச் சொந்தக்காரர்களிடமே திருப்பிச் சேர்க்கவேண்டும் என்று அரசாங்கம் முனைப்பாக இருக்கிறது. ஆறு வயதுச் சின்னது ஒன்று ஆகஸ்ட் லீவில் மச்சாகோஸில் இருக்கிற பாட்டியிடம் போகிறது. பையை இப்போதே கட்டிவைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு என்னைக் கேட்டது: "காக்கா, உன்னை யார் இங்கே கொண்டுவந்து விட்டார்கள்?" நானேதான் வந்தேன் என்றேன். அது நம்பவில்லை.

திரும்பி வந்து வேறொன்றும் சமைக்கத் தோன்றவில்லை. ஆறிப்போன சோற்றில் தண்ணீர் ஊற்றி உன் மாவடுவைக் கடித்தேன். கொல்லைப்புறத் திண்ணை, கிணற்றடி ஈரம், நீ முறத்தைத் தட்டுகிற சத்தம் எல்லாம் ஒரே கடியில் வந்துவிட்டது. பாதியில் கையை அலம்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சரி, அதை விடு. மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா? வராவிட்டால் மோட்டாரை நம்பி அப்பா முழுக் குறுவையும் நட வேண்டாம். அந்த மோட்டார் காயில் இரண்டு தடவை கட்டியது. தங்கச்சிக்கு வந்த பேராவூரணி ஜாதகத்துக்குப் பதில் சொல்ல அவசரப்படாதே, அவள் பரீட்சை முடியட்டும். பெரியப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தை நீட்டினால், கிழக்கு வரப்பை அளந்து பார்க்காமல் அப்பா கையெழுத்துப் போடக்கூடாது. சித்தப்பாவைக் கூட வைத்துக்கொள்ளச் சொல்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும். ஆபீசில் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். உன் வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டிவிடு, ஆவணிக்குள் மீட்டுவிடலாம். ரசீது அலமாரியில், பஞ்சாங்கத்துக்கு அடியில் இருக்கிறது.

உன்,
பெரியவன்